கரண்ட் வந்ததும் யார் முதலில் எழுவது? ஏலக்காய் ஸ்டோரும் சிஸ்டம்டியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளை வெட்டி, சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு சொதப்பல் கதை. தப்பு என்னுடையது, நஷ்டம் எங்க சித்தப்பாவுடையது.

போடிநாயக்கனூர் எங்க ஊர்னு பழைய கேட்பாளர்களுக்குத் தெரியும். புதுசா வந்தவங்களுக்கு: தேனி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். ஊரைத் தாண்டி முந்தல் வந்ததும் மலை ஏற ஆரம்பிக்கும். 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடியும், இடுக்கி மாவட்டம் தொடங்கும். விடியறதுக்கு முன்னாடியே போடியிலிருந்து ஜீப்புகளில் ஆட்கள் ஏலத்தோட்டங்களுக்கு மேலே போவாங்க, சாயங்காலம் இறங்குவாங்க. எங்க சித்தப்பாவும் அப்படித்தான். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை போகிற வழியில் குத்தகைக்கு ஒரு தோட்டம், கூடவே ஒரு சின்ன ஸ்டோர். ஸ்டோர்னா கடை இல்லை. பறிச்ச பச்சைக் காயை உலர்த்துற கட்டடத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

பச்சை ஏலக்காயில் பெரும்பகுதி தண்ணீர். சுமார் 80 சதவீத ஈரத்தை 10 சதவீதம் அளவுக்கு இறக்கணும். 5 கிலோ பச்சைக் காய் போட்டா ஏறக்குறைய 1 கிலோ உலர்ந்த காய் கையில் வரும். வெயிலில் காயப்போட முடியாது, பச்சை நிறம் போயிடும். அதனால விறகு அடுப்பு, சூட்டைத் தட்டுகளுக்கு நடுவே தள்ளுற ஃபேன், 45-லிருந்து 55 டிகிரிக்குள்ள நிற்கிற சூடு. ஒரு நாள் பக்கம் இப்படி ஓடணும். சூடு கூடினால் காய் வெடிக்கும், வெளுக்கும், எண்ணெய்ச் சத்தும் போகும். விலை பெரும்பாலும் அந்தப் பச்சையில்தான் இருக்கு. போடியில் ஸ்பைசஸ் போர்டு நடத்துற மின்னணு ஏலத்தில், வாங்க வந்தவங்க கையில் மாதிரிக் காயைக் கொடுத்துடுவாங்க. அவங்க அதைக் கையில் உருட்டிப் பார்த்துத்தான் பட்டனை அழுத்துவாங்க. வெளுத்த காயை எந்த சாஃப்ட்வேரும் காப்பாத்தாது.

நான் இன்ஜினியரிங் முடிச்சு சென்னையில் வேலை பார்க்கிறவன். போன வருஷம் லீவுக்குப் போனப்போ சித்தப்பாவுக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்னு ஒரு ராஸ்ப்பெர்ரி பை, நாலு டெம்பரேச்சர் சென்சார், ஃபேன் ஓடுதானு பார்க்க ஒரு கரண்ட் சென்சார் வாங்கிட்டுப் போனேன். சூடு 60 தாண்டினாலோ, அடுப்பு எரியும்போது ஃபேன் நின்னாலோ, சித்தப்பா போனுக்கு மெசேஜ் போகும். பைத்தானில் 150 வரி. அந்தப் புரோகிராம் தானா ஆரம்பிக்க ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைல், 12 வரி. ரெண்டு தடவை ரீபூட் பண்ணிப் பார்த்தேன், வேலை செஞ்சது. பெருமையா இறங்கி வந்துட்டேன்.

ஆடி மாசம், சாரல். ராத்திரி ஒரு மணி வாக்கில் மலையில் கரண்ட் போனது. உள்ளே 200 கிலோ பச்சைக் காய். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், ஆனா விறகு நிற்காது, எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அப்போ கட்டையை வெளியே இழுத்துப் போடணும். நாள் பூரா காய் சுமந்த மனுஷன், காவலுக்கு இருந்தவர், அசந்து தூங்கிட்டார். ஒன்றரை மணி நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தது. ஆனா ஃபேன் ஓடலை.

ஏன் ஓடலைங்கிறது முக்கியம். மோட்டார் ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில்னு ஒன்னு இருக்கும். கரண்ட் போனதும் அது காண்டாக்டை விட்டுடும். கரண்ட் வந்தாலும் யாராவது பச்சை பட்டனை அமுக்கினாத்தான் மோட்டார் ஓடும். தோட்டத்துக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். அந்தப் பட்டனை அமுக்கச் சொல்லி ஆளை எழுப்பத்தான் என் புரோகிராம் அங்கே இருந்தது. ராஸ்ப்பெர்ரி பை சமர்த்தா பூட் ஆனது. என் புரோகிராம் மட்டும் எழுந்திருக்கலை.

காலையில் 5 மணிக்கு சித்தப்பா போன். "டேய் தம்பி, உன் மிஷினு ஒன்னும் சொல்லலையேடா. கீழ்த்தட்டு பூரா வெளுத்துப் போச்சு." திட்டலை. திட்டியிருந்தா கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

சரி, என்ன நடந்ததுனு பார்க்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு கம்ப்யூட்டர் எப்படி எழுந்திருக்குதுனு கொஞ்சம் பேசணும்.

பவர் வந்ததும் ஃபர்ம்வேர் ஓடும், அது கெர்னலை ஏத்தும். கெர்னல் தன் வேலைகளை முடிச்சுட்டு, ஃபைல்கள் இருக்கிற டிஸ்க்கைப் பிடிச்சுட்டு, கடைசியில் ஒரே ஒரு புரோகிராமைத்தான் தொடங்கும். அதோட நம்பர் 1. மத்த எல்லாத்தையும் தொடங்குறது அந்த 1-ஆம் நம்பர் ஆசாமியோட பொறுப்பு. நெட்வொர்க், கடிகாரம், லாகின், ப்ளூடூத், உங்க புரோகிராம், எல்லாமே.

பழைய யூனிக்ஸ் வழியில் இது ஒரு வரிசை. ஸ்க்ரிப்ட்களுக்கு நம்பர் போட்டு ஒரு ஃபோல்டரில் வெச்சிருப்பாங்க: 10, 20, 30. ஒன்னு முடிஞ்சாத்தான் அடுத்தது. ரேஷன் கடை க்யூ மாதிரி. முன்னாடி நிற்கிறவர் பையைத் தேடிக்கிட்டு இருந்தா பின்னாடி எல்லாரும் நிற்கணும். 2011-இல் தமிழ்நாட்டில் தொடங்கின இலவச லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்கா? பிளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒன்னு வந்தது. அதில் விண்டோஸோட பக்கத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது, சென்னை சிடாக் உருவாக்கினது, அடிப்படை டெபியன். பசங்க யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க. நான் அதை ஆன் பண்ணி, ஸ்கிரீனில் ஓடுற வரிகளைச் சும்மா பார்த்துக்கிட்டு இருப்பேன். ஒன்னு, அப்புறம் ஒன்னு, அப்புறம் ஒன்னு. இந்தத் துறைக்கு நான் வந்ததுக்கு அந்த வரிகளும் ஒரு காரணம்னு வீட்டில் சொன்னா நம்ப மாட்டாங்க.

வரிசையை உடைச்சு, சேர்ந்து கிளம்ப முடிஞ்சதெல்லாம் சேர்ந்தே கிளம்பட்டும்னு வந்தவைகளில் ஒன்னுதான் சிஸ்டம்டி. லென்னார்ட் போட்டரிங், கே சீவர்ஸ்னு ரெண்டு பேர் 2010-இல் ஆரம்பிச்சது. ஃபெடோரா 2011-லயே எடுத்துக்கிட்டது. டெபியனில் பெரிய சண்டை. 2014 பிப்ரவரியில் அவங்க தொழில்நுட்பக் குழுவில் ஓட்டு சமமா விழுந்து, தலைவரோட ஓட்டால முடிவானது. 2015-இல் டெபியன் 8-லயும் உபுண்டு 15.04-லயும் அதுதான் இயல்பு. ராஸ்ப்பெர்ரி பையும் அதே வருஷம் அந்தப் பக்கம் வந்துடுச்சு. அந்தச் சண்டை இன்னும் முடியலை. அதைக் கிளறினா இந்த எபிசோட் முடியாது, அதனால விட்டுடுறேன்.

சிஸ்டம்டியிடம் நீங்க வரிசை நம்பர் சொல்ல வேண்டாம். உறவைச் சொன்னா போதும். எனக்கு யார் வேணும், யாருக்குப் பிறகு நான். அது ஒரு வலை வரைஞ்சு, எதெல்லாம் ஒன்னாகக் கிளம்பலாம்னு தானே கணக்குப் போட்டுக்கும். இங்கேதான் என்னை மாதிரி ஆட்கள் விழுவோம். "யார் வேணும்" என்பதும் "யாருக்குப் பிறகு" என்பதும் ரெண்டு தனித்தனி கேள்வி.

ஸ்டோரையே எடுத்துக்குவோம். அடுப்புனு ஒரு சர்வீஸ், ஃபேன்னு ஒரு சர்வீஸ். அடுப்பு ஃபைலில் "ரெக்வயர்ஸ் ஃபேன்"னு எழுதினா என்ன அர்த்தம்? அடுப்பைக் கேட்டா ஃபேனையும் சேர்த்துக் கிளப்புனு அர்த்தம். ஃபேன் முதல்ல, அடுப்பு அப்புறம்னு அதில் எங்கேயும் இல்லை. ரெண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். வரிசை வேணும்னா "ஆஃப்டர் ஃபேன்"னு தனியா எழுதணும். தலைகீழா, வெறும் "ஆஃப்டர்" மட்டும் எழுதினா, ஃபேன் எப்படியும் கிளம்புறதா இருந்தா அதுக்குப் பிறகு கிளம்பு, ஃபேனே இந்த மிஷினில் இல்லைனா கவலையில்லை, நீ போனு அர்த்தம். பெரும்பாலும் ரெண்டையும் எழுதணும். வேலைக்குப் புதுசா வந்தப்போ ரெண்டு மாசம் இதைக் குழப்பிக்கிட்டுத் திரிஞ்சேன்.

"ரெக்வயர்ஸ்"க்கு ஒரு சாதுவான தம்பி உண்டு, "வான்ட்ஸ்". வேணும், ஆனா கிடைக்கலைனாலும் நான் கிளம்புறேன் என்கிற டைப். கறாரான அண்ணனும் உண்டு, "பைண்ட்ஸ் டு". ரெக்வயர்ஸும் ஆஃப்டரும் சேர்ந்து இருந்தா, ஃபேன் கிளம்பவே தவறினா அடுப்பு கிளம்பாது. ஆனா ஓடிக்கிட்டு இருந்த ஃபேன் நடுவில் தானே விழுந்துட்டா அடுப்பை அணைக்கும்னு உறுதி கிடையாது. பைண்ட்ஸ் டு போட்டாத்தான் கூடவே நிற்கும். கட்டையை வெளியே இழுக்கிற ஆள் அதுதான். பெரும்பாலான இடத்தில் வான்ட்ஸ் போதும். ரெக்வயர்ஸ் நிறைய எழுதினா, எங்கேயோ ஒரு சின்ன சர்வீஸ் விழுந்து அதோட பாதி மிஷின் எழாம நிற்கும்.

வட்டமா எழுதிட்டா? நான் உனக்குப் பிறகு, நீ எனக்குப் பிறகு. சிஸ்டம்டி அதைக் கண்டுபிடிச்சு, வட்டத்தில் ஏதோ ஒரு வேலையைத் தூக்கிப் போட்டுட்டு மேலே போகும். லாகில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை யாரும் படிக்கிறதில்லைங்கிறதுதான் சிக்கல்.

அடுத்து, "கிளம்பியாச்சு"னா என்ன? என் சர்வீஸ் ஃபைலில் வகை "சிம்பிள்". அதாவது புரோசஸை உருவாக்கின அடுத்த கணமே சிஸ்டம்டி "ஆச்சு"னு டிக் போட்டுடும். உள்ளே புரோகிராம் இன்னும் லைப்ரரிகளை இறக்கிக்கிட்டு இருக்கலாம், சென்சாரைத் தேடிக்கிட்டு இருக்கலாம், ஏன், செத்துக்கிட்டும் இருக்கலாம். ஏல அறையில் ஸ்கிரீன் எரியுதுனா ஏலம் தொடங்கியாச்சுனு போடியில் யாரும் நினைக்க மாட்டாங்க. 2021 ஜனவரியிலிருந்து இடுக்கி புற்றடியிலும் போடியிலும் ஒரே ஏலத்தைச் சேர்த்து நடத்துற ஏற்பாடு வந்தது. அந்த மாதிரி இடத்தில் ரெண்டு அறையும் ஒன்னுக்கொன்னு பேசினாத்தான் அது தயார். லைட் எரியறது வேற, தயார் ஆகிறது வேற.

சிஸ்டம்டியில் இதுக்கு வழி இருக்கு. வகையை "நோட்டிஃபை"னு மாத்தினா, உங்க புரோகிராமே "நான் ரெடி"னு ஒரு செய்தி அனுப்புற வரைக்கும் அது டிக் போடாது. உங்களுக்குப் பின்னால் நிற்கிறவங்களும் அதுவரைக்கும் காத்திருப்பாங்க. ஒரு வரிக் கோட்தான். எழுத மறக்கிறோம்.

இப்போ என் தப்புக்கு வர்றேன். நான் எழுதினது "ஆஃப்டர் நெட்வொர்க் டார்கெட்". படிச்சா என்ன தோணுது? நெட்வொர்க் வந்ததுக்கு அப்புறம்னுதானே? இல்லை. நெட்வொர்க்கைப் பார்த்துக்கிற மேனேஜர் கிளம்பிட்டார்ங்கிற அளவுக்குத்தான் அதுக்கு அர்த்தம். கேபிள் சொருகியிருக்கா, வைஃபை கிடைச்சதா, ஐபி வந்ததா, எதையும் அது சொல்லாது. அந்தப் பெயரோட உண்மையான பயன் அணைக்கும்போது. சிஸ்டம்டி அணைக்கிறப்போ வரிசையைத் திருப்பிப் போடும். அதனால நெட்வொர்க் போறதுக்கு முன்னாடி உங்க புரோகிராமுக்கு "டாட்டா" சொல்ல நேரம் கிடைக்கும். எழுந்திருக்கும்போது உங்களுக்கு வேண்டியது "நெட்வொர்க்-ஆன்லைன்" டார்கெட். அதுக்கும் வான்ட்ஸ், ஆஃப்டர் ரெண்டும் எழுதணும்.

அப்போ அதை மாத்தினா தீர்ந்ததா? நானும் அப்படித்தான் நினைச்சேன். சென்னையில் உட்கார்ந்து ஃபைலில் அந்த ஒரு வார்த்தையை மாத்தி, "சரி பண்ணிட்டேன் சித்தப்பா"னு சொல்லவும் சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் புத்தி வந்தது. ஸ்டோரில் இன்டர்நெட் எங்கிருந்து வருது? சிம் போட்ட ஒரு ரவுட்டர். கரண்ட் வந்ததும் அதுவும் பூட் ஆகணும். அது வைஃபையை முதல்ல எழுப்பும். அப்புறம் மலைக்குப் பின்னாடி இருக்கிற டவரைத் தேடிப் பிடிக்க மழை நாளில் ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் ஆகும். "ஆன்லைன்"னா ராஸ்ப்பெர்ரி பைக்கு ரவுட்டரிடமிருந்து ஒரு அட்ரஸ் கிடைச்சதுனு மட்டும்தான் பொருள். ரவுட்டருக்கு அப்பால் உலகம் இருக்கானு அதுக்குத் தெரியாது. காத்திருக்கவும் ஒரு எல்லை உண்டு, அது தாண்டினா போதும்னு விட்டுட்டு மேலே போயிடும்.

நான் வீட்டில் ரெண்டு தடவை ரீபூட் பண்ணினப்போ ஏன் வேலை செஞ்சது? ரவுட்டர் ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருந்தது. கம்ப்யூட்டரை மட்டும் அணைச்சுப் போட்டுப் பார்த்தேன். மெயின் ஸ்விட்சை இறக்கலை.

அன்னைக்கு ராத்திரி நடந்தது இதுதான். ராஸ்ப்பெர்ரி பை எழுந்தது. என் புரோகிராம் எழுந்து, முதல் வேலையா மெசேஜ் சர்வரைக் கூப்பிட்டது. பதில் இல்லை. எர்ரர் அடிச்சு விழுந்தது. விழுந்தா திரும்பக் கிளப்புனு நான் எழுதியிருந்தேன், "ரீஸ்டார்ட் ஆல்வேஸ்". சிஸ்டம்டி கிளப்பினது. விழுந்தது. கிளப்பினது. விழுந்தது. 8 விநாடியில் 5 தடவை. அதோட நிறுத்திடுச்சு.

"ஆல்வேஸ்"னு எழுதியும் ஏன் நிறுத்துது? 10 விநாடிக்குள் 5 தடவை கிளப்பியாச்சுனா அதுக்கு மேல முயற்சி பண்ணாதேங்கிறது இயல்பான அமைப்பு. விழுந்ததுக்கும் எழுப்புறதுக்கும் நடுவே இடைவெளியும் வெறும் 100 மில்லி விநாடி. ஒரு உடைஞ்ச புரோகிராம் முழு மிஷினையும் சுத்த விடாம இருக்க இது நல்ல காவல். ஆனா வெளியே இருக்கிற ஏதோ ஒன்னுக்காகக் காத்திருக்கிற புரோகிராமுக்கு இது ஆபத்து. ரவுட்டர் டவரைப் பிடிக்க 3 நிமிஷம். என் புரோகிராமுக்குக் கிடைச்ச வாய்ப்பு 8 விநாடி. அதுக்கப்புறம் விடிகிற வரை அமைதி.

லாகைப் படிக்கவே எனக்கு அரை நாள் போனது. அதிலும் ஒரு கூத்து. ராஸ்ப்பெர்ரி பையில், 5-ஆம் மாடலுக்கு முன்னால வந்ததில், பேட்டரி வெச்ச கடிகாரம் கிடையாது. 5-இலும் பேட்டரியை நாமதான் மாட்டணும். கரண்ட் போய் வந்தா, கடைசியா எழுதி வெச்ச நேரத்திலிருந்து அது எண்ண ஆரம்பிக்கும். இன்டர்நெட் வந்தப்புறம்தான் சரியான நேரம். அதனால கரண்ட் வந்தப்புறம் விழுந்த அந்த 5 விழுகையும் லாகில் ஒரு மணிக்கு முன்னாடி நடந்த மாதிரி பதிவாகியிருந்தது. கரண்ட் போறதுக்கு முன்னாடியே புரோகிராம் செத்துடுச்சுனு நினைச்சு, இல்லாத பிழையைத் தேடிக்கிட்டு இருந்தேன். பூட் வாரியாப் பிரிச்சுப் பார்த்தப்போதான் புரிஞ்சது. அடுத்த தடவை போகும்போது நாணயம் சைஸ் பேட்டரி வெச்ச ஒரு கடிகார மாட்யூலைச் சேர்த்துட்டேன். விலை ஒரு சாப்பாட்டுக் காசு.

"யூபிஎஸ் போட்டா முடிஞ்சதே"னு கமென்டில் எழுதப் போறவங்களுக்கு: போட்டாச்சு. ஆனா மழைக்காலத்தில் மரம் விழுந்தா மேலே கரண்ட் நாள் கணக்கில் வராது. எந்த யூபிஎஸும் ஒரு நேரம் தீரும். அப்புறம் எழுந்துதான் ஆகணும்.

இதை யோசிக்கும்போது எனக்கு எங்க ஊர்க் கிணத்து மோட்டார் ஞாபகம் வந்தது. கீழே காட்டில் விவசாயிகள் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பாங்க. த்ரீ ஃபேஸ் வந்ததும் மோட்டார் தானே கிளம்பும், ராத்திரி யாரும் தோட்டத்துக்குப் போக வேண்டாம். நல்ல ஆட்டோ ஸ்டார்ட்டரில் ஒரு டைமர் இருக்கும். கரண்ட் வந்த உடனே கிளம்பாது, கொஞ்ச நேரம் பொறுக்கும். ஏன்னா ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற எல்லா மோட்டாரும் ஒரே கணத்தில் கிளம்பினா வோல்டேஜ் படுத்துடும், ஃபியூஸ் போயிடும். பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு அளவு, நீங்க வேற அளவு வெச்சா எல்லாரும் பிழைக்கலாம். நாங்க ஆபீஸில் ஒரு சர்வர் விழுந்து எழும்போது ஆயிரம் கிளையன்ட் ஒரே நேரத்தில் கதவைத் தட்டக்கூடாதுனு கோட் எழுதுவோம். கொஞ்சம் கொஞ்சமா இடைவெளியைக் கூட்டி, அதில் கொஞ்சம் தற்செயலும் கலந்து. அதே சரக்கு. எங்க தாத்தா காலத்து ஆளுங்களுக்கு அது தெரிஞ்சிருந்தது, 12 வரி ஃபைல் எழுதின எனக்குத் தோணலை.

இன்னொரு நல்ல யோசனை சிஸ்டம்டிக்குள்ளேயே இருக்கு, சாக்கெட் ஆக்டிவேஷன். 2005-இல் ஆப்பிள் தன் மேக்கில் கொண்டுவந்த லாஞ்ச்டியும் இதைத்தான் செஞ்சது. அதுக்கும் முன்னால யூனிக்ஸில் ஐநெட்டின்னு ஒன்னு இருந்தது. யோசனை சிம்பிள். ஒரு சர்வீஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே அதோட வாசலை மட்டும் சிஸ்டம்டி திறந்து வெச்சுடும். யாராவது வந்து செய்தி போட்டா கெர்னல் அதைப் பிடிச்சு வெச்சுக்கும். ஆள் எழுந்து வந்து எடுத்துக்குவார். கடைக்காரர் வர்றதுக்கு முன்னாடியே பால்காரர் திண்ணையில் பால் பாக்கெட்டை வெச்சுட்டுப் போற மாதிரி. பால்காரருக்கு "கடை திறந்த பிறகு வா"னு யாரும் எழுதி வைக்க வேண்டாம். திண்ணை இருந்தா போதும்.

என்னை மாத்தினது இந்தத் திண்ணைதான். அதுவரைக்கும் என் கேள்வி, "சரியான டிபென்டன்சியை எப்படி எழுதுறது?" அதுக்கப்புறம் கேள்வி மாறிடுச்சு: சூட்டைப் பார்க்கிற வேலைக்கு இன்டர்நெட் எதுக்குடா? எதுக்கும் இல்லை. நான்தான் ரெண்டையும் ஒரே புரோகிராமில் கட்டிப் போட்டிருந்தேன். மெசேஜ் அனுப்ப முடியாததால தெர்மாமீட்டரே செத்துப் போனது. அதைச் சரியா வரிசைப்படுத்தறதை விட அறுத்து விடறதுதான் வேலை.

இப்போ ரெண்டு சர்வீஸ். முதல் ஆளுக்கு நெட்வொர்க்னு ஒன்னு இருக்கிறதே தெரியாது. 10 விநாடிக்கு ஒரு தடவை சென்சாரைப் படிக்கும், ஃபைலில் எழுதும், எல்லை தாண்டினா ஸ்டோர் சுவரில் மாட்டின சைரனை அடிக்கும். காவல்காரர் படுக்கிற அறைக்கு வெளியே அந்தச் சைரன். ரெண்டாவது ஆள் அந்த ஃபைலைப் படிச்சு மெசேஜ் அனுப்புவார். முடியலைனா 5 விநாடி, 10, 20னு இடைவெளியைக் கூட்டி, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவைனு வந்து நிற்பார். விழ மாட்டார், கேட்டுக்கிட்டே இருப்பார். அப்படியும் விழுந்தா 30 விநாடி கழிச்சு எழுப்பு, எத்தனை தடவைங்கிற கணக்கு வேண்டாம்னு ஃபைலில் எழுதியாச்சு. ரெண்டு பேருக்கும் நடுவே ரெக்வயர்ஸ் கிடையாது, ஆஃப்டரும் கிடையாது.

மூணாவதா ஒன்னு, அது மலையில் இல்லை. சென்னையில் நான் வாடகைக்கு வெச்சிருக்கிற சின்ன சர்வருக்கு மேலேயிருந்து 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கேன்"னு செய்தி வரணும். வரலைனா சர்வர் சித்தப்பாவுக்கும் எனக்கும் போன் அடிக்கும். கரண்ட் போனது, ரவுட்டர் செத்தது, எலி வயரைக் கடிச்சது, எதுவானாலும் இது சொல்லும்.

உங்க மிஷினில் யாருக்காக யார் காத்திருக்காங்கனு பார்க்கணும்னா சிஸ்டம்டி-அனலைஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு. அதில் "பிளேம்" போட்டா எது எவ்வளவு நேரம் எடுத்ததுனு பட்டியல் வரும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிறைய நேரம் எடுத்தவர் எல்லாரையும் நிற்க வெச்சார்னு அர்த்தம் இல்லை, தனியா ஒரு ஓரத்தில் தூங்கிக்கிட்டு இருந்திருக்கலாம். "கிரிட்டிக்கல்-செயின்" போட்டுப் பாருங்க, அதுதான் சங்கிலியைக் காட்டும். யூஎஸ்பி டிஸ்க் மாட்டியிருக்கிறவங்க எஃப்எஸ்டேப் ஃபைலில் "நோஃபெயில்" எழுதிடுங்க. இல்லைனா டிஸ்க்கைக் கழட்டி வெச்ச அன்னைக்கு மிஷின் ஒன்றரை நிமிஷம் அதுக்காக நின்னுட்டு, அப்புறம் எமர்ஜென்சி மோடுக்குப் போய் உட்கார்ந்துக்கும். ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் ஜீப்பில் மடியில் வெச்சுக்கிட்டு 17 வளைவு ஏறினவன் சொல்றேன்.

தீபாவளி லீவுக்கு ரயிலில் போனேன். 2023 ஜூனிலிருந்து சென்னை சென்ட்ரலில் ஏறினா போடியிலேயே இறங்கலாம். மேலே போய், இந்தத் தடவை மெயின் ஸ்விட்சையே இறக்கினேன். ஏத்தினேன். இறக்கினேன். 12 தடவை. ரவுட்டரைப் பிடுங்கிட்டு, சிம்மைக் கழட்டிட்டு, ஒரு சென்சார் வயரை உருவிட்டு, எல்லாம் பார்த்தேன். நாலாவது தடவை சைரன் அடிச்சப்போ பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் ஓடி வந்துட்டார். சித்தப்பா கட்டை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"ஏன்டா தம்பி, இவ்வளவு பண்ற. அந்த ஃபேனையும் அதுவே போட்டு விடற மாதிரி பண்ணிரலாம்ல?"

பண்ணலாம். ஒரு ரிலே, பத்து வரி. நானும் அதைத்தான் முதல்ல நினைச்சு, ஸ்டார்ட்டரைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் ஃபேனோட பெல்ட்டைக் காட்டினார். கரண்ட் இல்லாத நேரத்தில்தான் ஆட்கள் அங்கே கையை விட்டுச் சுத்தம் பண்ணுவாங்களாம். பட்டனை ஆள்தான் அமுக்கணும்னு வெச்சது அதுக்குத்தான்னார்.

அதனால அந்தப் பச்சை பட்டன் அப்படியே இருக்கு. அதுக்குப் பக்கத்தில், ராத்திரியிலும் தெரியற மாதிரி, ஒரு சின்ன லைட் மட்டும் போட்டுட்டு வந்தோம்.

இந்த எபிசோடுக்கு இவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டில் ராஸ்ப்பெர்ரி பை ஓடுதுனா, இன்னைக்கு ராத்திரி ரவுட்டரையும் சேர்த்து ஒரு தடவை மெயினை இறக்கிப் பார்த்துட்டு, என்ன ஆச்சுனு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.